இருபத்தாறு நாள் அவகாசம்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டோர்க்காரரின் காபி ஆறிக்கொண்டிருந்தது. தன் போன், மனைவியின் போன், பழைய மடிக்கணினி மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் டிவி. அதிலும் குடும்பப் படங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போய்க்கொண்டிருந்தன. போனில் இடமே இல்லை என்று ஒரு வாரமாக அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. இன்று அதற்கு ஒரு முடிவு கட்டாமல் எழுந்திருப்பதில்லை என்று அவர் தீர்மானித்திருந்தார்.

மருத்துவமனைக் கிடங்குக்கு முப்பத்தொரு வருடமாக அவர்தான் பொறுப்பு. ஊசி, பஞ்சு, கையுறை முதல் சக்கர நாற்காலியின் திருகாணி வரை எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரே பொருள் இரண்டு அலமாரியில் இருந்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. "இது கிடங்கா, சந்தையா?" என்று கேட்டு, ஒரு பக்கத்தைக் காலி செய்த பிறகுதான் சாப்பிடப் போவார். அவர் பெயர் ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஸ்டோர்க்காரர் என்றால் வாசலில் நிற்கும் காவலாளி வரைக்கும் தெரியும்.

குடும்பப் படங்களுக்கும் அவரேதான் ஸ்டோர்க்காரர். மூன்று வருடத்துக்கு முன் தங்கையின் கணவர், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டார். அப்போது இவர்தான் முன்னால் நின்று எல்லோருடைய படங்களையும் வாங்கி இணையச் சேமிப்பில் ஒரு கணக்கு தொடங்கிப் போட்டார். நாற்பத்தோராயிரம் படங்களும் வீடியோக்களும் சேர்ந்தன. ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். அவருடைய போன், மனைவியின் போன், மடிக்கணினி, டிவி, தங்கையின் போன் என்று ஐந்து இடத்திலும் அதே பெட்டி திறக்கும். மெக்கானிக்கின் போனில் இருந்ததை ஏற்றி முடித்ததும், அதைச் சுத்தமாகத் துடைத்துத் தங்கையிடம் கொடுத்தார்.

"உன் போன்ல எதுக்கு எடத்த அடச்சு வெக்கிற? எங்கிட்ட இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்கற மாதிரி. எப்ப வேணும்னாலும் எடுத்துப் பாத்துக்கோ" என்றார்.

தங்கையும் சரி என்று விட்டுவிட்டாள். பள்ளிச் சீருடை தைக்கிறவள் அவள். அண்ணன் சொன்னால் அளவெடுத்துச் சொன்ன மாதிரி என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

மெக்கானிக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் போனைக் கையில் பிடித்து நிற்கிறவர் அவர்தான். அதனாலேயே படங்களில் அவர் இருப்பது அபூர்வம். நாற்பத்தோராயிரத்தில் அவர் முகம் தெரிவது பத்தொன்பதே படத்தில். வீடியோக்களில் மட்டும் அவர் குரல் இருந்தது. "எடுத்தாச்சு, எடுத்தாச்சு, எல்லாரும் மூஞ்சியத் தளர விடுங்க" என்பார். எடுத்திருக்க மாட்டார். அதை நம்பி எல்லோரும் உடம்பைத் தளர்த்திச் சிரித்து ஒருவரையொருவர் இடிக்க ஆரம்பிக்கும்போதுதான் நிஜமாக எடுப்பார். அத்தனை வீடியோவிலும் இந்த ஏமாற்று வேலை இருந்தது. தங்கை எப்போதாவது தையல் மிஷினை நிறுத்திவிட்டு அதில் ஒன்றை ஓடவிட்டுக் கேட்பாள்.

இதையெல்லாம் ஸ்டோர்க்காரர் யோசித்துப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வீடியோக்கள் கை நடுங்கி, பாதி நேரம் தரையையும் செருப்பையும் காட்டுகின்றன என்பது. இடத்தை அடைப்பவையும் அவைதான். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். அதே வீடியோ மனைவியின் போனில் தெரிந்தது, மடிக்கணினியில் தெரிந்தது, டிவியிலும் தெரிந்தது. ஒரே சரக்கு ஐந்து அலமாரியில்! முப்பத்தொரு வருடத்துக் கை சும்மா இருக்குமா? தன் போனில் அத்தனையையும் தேர்ந்தெடுத்து அழித்தார். நடுவில் ஏதோ எச்சரிக்கை வந்தது. கிடங்கில் ஒரு பெட்டிப் பஞ்சுக்குக்கூட மூன்று பக்கத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர், அதைப் படிக்காமலே 'சரி' என்பதை அழுத்தினார். போன் லேசானது. ஆறிய காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

வியாழக்கிழமை கிடங்கில் கையுறைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, எம் போன்ல வீடியோ ஒண்ணுகூடக் காணோமே. படமெல்லாம் இருக்கு, வீடியோ மட்டும் இல்ல. ஒங்கிட்ட இருக்கா?"

"ஏன், இப்ப என்ன அவசரம்?"

"நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான இருக்கு? அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. விருந்து அரங்கத்துல அவ அப்பா கொரல் கேக்கணுமாம். நாலஞ்சு நல்லதா எடுத்துக் குடேன்."

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர் கிடங்குக் கணினியில் கணக்கைத் திறந்தார். வீடியோ பகுதி துடைத்து வைத்த தட்டுப்போல் இருந்தது. ஐந்து இடத்தில் ஐந்து பிரதி இல்லை, ஒரே பெட்டியைத்தான் ஐந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. 

"அது... நாந்தான் எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திக்கிட்டிருக்கேன். கொஞ்ச நாள் பொறு. எடுத்துத் தரேன்" என்றார்.

"சரிண்ணா. நீ பாத்துக்குவன்னு தெரியும்" என்று அவள் வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அவருக்கு வாய்த்திருக்காது. சொல்ல வாய் வரவில்லை. 'அண்ணனிடம் ஒரு ஊசிகூடத் தொலையாது' என்ற பேச்சை வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவர் அதற்கு அடிமையாகிப் போயிருந்தார்.

அன்றிலிருந்து நாளைக் கடத்துவதே வேலையாயிற்று. ஆஸ்பத்திரிக் கணினிப் பிரிவில் விவரமான டெக்னீஷியன் பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் கேட்டிருக்கலாம். ஆனால் போன வருடம் அவள் ஊழியர்களைக் கூட்டி வைத்து, முக்கியமானதைத் தனித்தனியாக இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள் என்று சொன்னபோது, "எங்கிட்ட ஊசியே காணாமப் போனதில்லம்மா, படமா போயிடும்?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தவர் இவர். இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது? தானே வீட்டில் மடிக்கணினியைத் தட்டிப் பார்த்தார். கண்ட கண்ட பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏங்க, டிவில வெறும் படமா வருது, வீடியோ ஏன் வரமாட்டேங்குது?" என்று மனைவி கேட்டாள்.

"கம்பெனில ஏதோ ரிப்பேராம்."

"எந்தக் கம்பெனில?"

"உனக்குச் சொன்னா புரியுமா?"

மனைவிக்கு ஒன்று நன்றாகப் புரிந்தது. இப்படி எரிந்து விழுகிறார் என்றால் தப்பு அவர் பக்கம்தான். கேட்டால் சண்டை வரும் என்று அவளும் விட்டுவிட்டாள். கேட்டிருக்க வேண்டும்.

தங்கை இரண்டு முறை போன் செய்தாள். இரண்டு முறையும் பிடி கொடுக்காமல் பேசினார். ஐந்தாவது வாரத்தில் அவளே நேரில் வந்தாள். உறைகூடப் பிரிக்காத புதுப் பென் டிரைவ் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அரங்கத்துக்காரங்க முன்கூட்டியே கேக்கறாங்கண்ணா. இதுல போட்டுக் குடுத்துடு. நீ வேலையா இருப்பேன்னுதான் நானே வாங்கிட்டு வந்துட்டேன்" என்றாள்.

அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட இன்னும் ஒரு வாரம் சமாளித்திருப்பார்.

மறுநாள் கணினிப் பிரிவுக்குப் போனார். டெக்னீஷியன் ஒரு பிரிண்டரின் வயிற்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கணக்கைத் திறக்கச் சொன்னாள்.

"எப்ப சார் அழிச்சீங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "முப்பத்திமூணு நாள் ஆச்சு."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "உங்க ஸ்டோர்ல ஒரு பொருளக் கழிச்சாலும் ஒடனே வெளிய எறியறதில்லல்ல? அந்தக் கம்பிக் கூண்டுக்குள்ள கொஞ்ச நாள் வச்சிருப்பீங்களே?"

"ஆமா. யாராவது திரும்பக் கேட்டா எடுத்துக் குடுக்கணும்ல."

"இதுலயும் அப்படித்தான் சார். அழிச்சது முப்பது நாள் அந்தக் கூண்டுல இருக்கும். அதுக்குள்ள ஒரு பொத்தான அழுத்தினா அத்தனையும் திரும்பி வந்திருக்கும். ரெண்டு நிமிஷ வேல. இப்பக் கூண்டு காலி."

 எனக்குத் தெரிந்தவர்களிடமும் கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள் என்று அவள் சொன்னது அவர் காதில் பாதிதான் விழுந்தது.

சாயங்காலம் நேராகத் தங்கையின் தையல் அறைக்குப் போனார். நீலத் துணி மலைபோல் குவிந்து கிடந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையில் பென் டிரைவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இதுல ஒண்ணும் இல்ல" என்றார் அவர். உட்காராமல், நின்றுகொண்டே, ஞாயிற்றுக்கிழமை காபியில் தொடங்கி இன்று மதியம் வரைக்கும் எதையும் விடாமல் சொல்லி முடித்தார்.

தங்கை மிஷினை நிறுத்தினாள். கையில் இருந்த சட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் போன் பண்ணினேனே, அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அது எத்தனாவது நாள்?"

"நாலு."

அவள் கணக்குப் போட்டாள். தைக்கிறவர்களுக்குக் கணக்கு வேகமாக வரும்.

"இருபத்தாறு நாள் இருந்திருக்கு. நீ அழிச்சது தெரியாமப் பண்ணது, அதுக்கு முப்பது நாள் மன்னிப்பு குடுத்திருக்காங்கண்ணா அந்தக் கம்பெனிக்காரங்க. நீ மறச்சதுக்குத்தான் யாரும் ஒண்ணும் குடுக்கல" என்றாள். குரல் உயரவே இல்லை. அதற்குப் பிறகுதான் அழுதாள். அண்ணனும் அழுதார். ஆனால் அவர் அழுகையைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் முடியாது.

அவர் மனைவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. உறவு, அக்கம்பக்கம், பழைய தோழிகள் என்று ஒருவர் விடாமல் போன் போட்டுக் கேட்டாள். "வெக்கமெல்லாம் அவருக்கு, எனக்கென்ன?" என்று விஷயத்தையும் மறைக்காமல் சொன்னாள். கடைசியில் அவளுடைய அக்காவின் பழைய போனில் மெக்கானிக் எடுத்த வீடியோ ஒன்று அகப்பட்டது. தான் அழகாகச் சிரித்திருக்கிறோம் என்று எப்போதோ இவளே அனுப்பி வைத்தது. பதினோரு நொடி.

மெக்கானிக்கின் மகள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு மணம் முடித்தாள். அன்று பிற்பகல் சின்ன அரங்கம் ஒன்றில் விருந்து. திரையில் அந்தப் பதினோரு நொடி ஓடியது. ஒரு சோபா, நாலைந்து பேர், ஒரு பாதிச் செருப்பு. பின்னாலிருந்து குரல்: "எடுத்தாச்சு, எடுத்தாச்சு, எல்லாரும் மூஞ்சியத் தளர விடுங்க." மணப்பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். ஐந்து தடவை போட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் ஸ்டோர்க்காரர் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட வீட்டுப் படமெல்லாம் பத்திரமா இருக்குன்னு சொன்னாங்களே. இவ்வளவுதானா?"

 தங்கை அண்ணனைப் பார்த்தாள். ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். யாரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஸ்டோர்க்காரர் எழுந்து நின்றார்.

"ஆயிரத்தி அறுநூறு இருந்துச்சுங்க. நாந்தான் அழிச்சேன். அஞ்சு எடத்துல தெரிஞ்சதால அஞ்சு இருக்குன்னு நெனச்சேன், இருந்தது ஒண்ணுதான். என் தங்கச்சி கேட்டப்பவே சொல்லியிருந்தா அத்தனையும் கெடச்சிருக்கும். என் கௌரவம் போயிடுமேன்னு வாய மூடிக்கிட்டேன். இந்தப் பிள்ளைக்குப் பதினோரு செகண்டு மிஞ்சியிருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "பாக்கறதுக்கு எல்லாரும் ஒரே எடத்துல பாருங்க. வெக்கறத மட்டும் வீட்டுக்கு வீடு தனித்தனியா வைங்க, அப்பப்பத் தெறந்து பாருங்க. என்ன மாதிரி ஒரு ஆளு தலையில கட்டிட்டு நிம்மதியாத் தூங்காதீங்க. தொலச்சுட்டீங்கன்னா அன்னிக்கே சொல்லுங்க. தொலஞ்சதக் கண்டுபிடிக்க வழி இருக்கும்ங்க. மறச்சதுக்கு எந்த வழியும் கெடையாது."

அவர் உட்கார்ந்தார். தங்கை கைப்பையைத் திறந்து, அவர் திருப்பிக் கொடுத்திருந்த அந்தப் பென் டிரைவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இதுல அந்தப் பதினோரு செகண்ட ஏத்திட்டேன். எங்கிட்ட ஒண்ணு இருக்கு, பொண்ணுகிட்ட ஒண்ணு இருக்கு. இது ஒன்னோடது" என்றாள். அவள் அவரோடு பேசி அன்றைக்குப் பதினைந்தாவது நாள்.