கீழ்வீட்டுக் கத்தரிக்கோல்

1

டிங்டிங்... டிங்டிங்டிங்!

வீடு பற்றி எரிகிற மாதிரி அழைப்பு மணியை அடிப்பவர் எங்கள் தெருவில் ஒருவர்தான்: பார்சல்காரர். இந்தக் கதை அந்த மணியில் பிறந்தது. வார இதழ் ஆசிரியர் சிக்கனத்தைப் பற்றி ஒரு கதை கேட்டிருந்தார். "ஆடம்பரம் பண்றவங்களுக்குச் சுருக்குனு தைக்கணும். ஆனா சிரிச்சுக்கிட்டே படிக்கணும்" என்று உத்தரவு. மூன்று நாளாக நானும் வெள்ளைத் தாளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். மணி அடித்ததும் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். பார்சல் எனக்கில்லை, மாடிக்கு. எனக்கு எப்போது வந்திருக்கிறது?

(கடைசி வரியை அடித்துவிட வேண்டும். கதை தொடங்குமுன்பே வயிற்றெரிச்சல் எட்டிப் பார்க்கிறது.)

ஆக, கதையில் இரண்டு ஓரகத்திகள். அண்ணன் மனைவி கீழ்வீட்டில், தம்பி மனைவி மாடியில். பெரியவள், சின்னவள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவள் நான் இல்லை.*

* எங்கள் வீட்டுக்கும் மாடி உண்டு, மாடியில் ஓர் ஓரகத்தியும் உண்டு. ஒற்றுமை அத்தோடு சரி. பெரியவளிடம் கத்தரிக்கோல் இருக்கிறது. என்னிடம் பேனாதான்.

2

முதல் தொடக்கம்: "சிக்கனம் என்பது வெறும்—"

வேண்டாம். பாதி வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "சின்னவள் ஓர் ஊதாரி. கையில் காசு தங்காத—"

இதுவும் வேண்டாம். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு.

பெரியவளுக்கு என்ன வேலை கொடுப்பது என்பது அடுத்த தலைவலி. முதலில் தையல்காரி ஆக்கினேன். தையல்காரி கையில் கத்தரிக்கோல் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கதை சப்பென்று போய்விடும். அதனால் நூலகத்தில் உட்காரவைத்தேன். இரவல் போய்த் திரும்பி வரும் புத்தகங்களை வாங்கிப் பார்ப்பதுதான் அவள் வேலை. பக்கத்தை முகர்ந்தே சொல்லிவிடுவாள்: இது சமையலறையில் படித்தது, இது படுக்கையில், இதைப் பிரிக்கவே இல்லை, சும்மா அலமாரியில் வைத்து அழகு பார்த்திருக்கிறார்கள்.

இந்த மூக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

3

சனிக்கிழமை மாடியில் சின்னவளின் மகளுக்குப் பிறந்தநாள். வாசலைவிட உயரமாக பலூன் வளைவு. குழந்தை இடுப்புக்கு வருகிற கேக். படமெடுக்க இரண்டு பேர். அதில் ஒருவர் சின்னவளை மட்டும் எடுக்கிறாரோ என்று பெரியவளுக்குச் சந்தேகம். சின்னவள் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீள கவுன் போட்டுக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தாள். கூடத்தில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

பெரியவள் கடுகு நிறப் புடவையில் இருந்தாள்.

"அண்ணி, இந்தப் புடவையைப் பார்த்தாலே போதும், வீட்டுல விசேஷம்னு தெரிஞ்சுடுது!" என்றாள் நாத்தனார். "போன மூணுக்கும் இதேதானே?"

"துணி கிழியலையே" என்றாள் பெரியவள்.

"கிழிஞ்சாலும் தச்சுக்குவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வரவழைக்க அவள் பட்ட பாட்டுக்கு ஒரு புடவையே நெய்திருக்கலாம்.

போன மாதம் மாடிக்குப் போனபோது சின்னவளின் பீரோ திறந்திருந்தது. உள்ளே மூன்று கவுன்கள்: நாவல்பழ நிறம், வெள்ளி, ரத்தச் சிவப்பு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை உடுத்தியது.

"இன்னொரு தடவை போடக் கூடாதா?" என்று பெரியவள் கேட்டாள்.

"ஐயோ அக்கா! போட்டோவுல வந்தாச்சே!"

அன்று ராத்திரி பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெளியில் சொல்லிக்கொண்டது வேறு: "எனக்கென்ன, நாளைக்குக் கஷ்டப்படப் போறது அவதானே." ஊதாரி என்று திட்டுவதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியில்தான் அவள் கடுகு நிறப் புடவையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டிருந்தாள்.

4

திங்கட்கிழமை காலை. அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் சின்னவள் ஒரு பார்சலைக் கீழே வைத்தாள்.

"அக்கா, வேற ஒரு கவுனும் வாங்கினேன், சைஸ் சரியில்ல. திருப்பி எடுத்துக்க ஆள் வருவாரு, கொடுத்துடுங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள். விட்டா என் ஒரு மாசச் சம்பளம் போயிடும்!"

செருப்பைப் பாதி மாட்டியபடி ஓடிவிட்டாள்.

பெரியவள் பார்சலை நகர்த்தி வைக்கக் குனிந்தாள். மூக்கு நின்றுவிட்டது. அத்தர் வாசனை. அதற்கடியில் கேக்கின் வெண்ணெய் வாசனை. சைஸ் சரியில்லாத துணியில் கேக் வாசனை எப்படி வரும்?

பிரித்தாள். (பிரித்திருக்கக் கூடாது. அவளை நான் நியாயப்படுத்தவில்லை.) மயில்கழுத்து கவுன். விலை அட்டை அப்படியே இருந்தது. கைக்குழிக்குக் கீழே உள்பக்கமாக மடித்து, ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தது. உடுத்தியவளைக் குத்தாது, பார்ப்பவர் கண்ணிலும் படாது.

சனிக்கிழமை உடுத்து, திங்கட்கிழமை திருப்பு. ராணிக்கு இரவல் உடுப்பு!

பெரியவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் நிலைத்தது. அப்புறம்தான் உறைத்தது. அப்படியானால் இவள் செலவே செய்யவில்லை. படமும் இவளுக்கு, பணமும் இவளுக்கு. நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தேன், அதற்கு எனக்குக் கிடைத்தது நாத்தனாரின் கிண்டல். ஊதாரி என்று திட்டிக்கொண்டிருந்த ஒரே ஆறுதலும் போயிற்று.

பணக்காரியைப் பார்த்து வருகிற பொறாமை ஒரு மாதிரி. கெட்டிக்காரியைப் பார்த்து வருகிற பொறாமை இருக்கிறதே, அது அடுப்பில்லாமலே கொதிக்கும்.

(இங்கே ஓர் ஓட்டை. எல்லாவற்றையும் திருப்புகிறவள் என்றால் பீரோவில் மூன்று கவுன்கள் ஏன் தொங்குகின்றன? கெட்டிக்கார வாசகர் யாராவது கேட்பார். அடைக்க வேண்டும். இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.)

அட்டை இல்லாத உடுப்பைக் கடை திரும்ப வாங்காது. பெரியவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

டிங்டிங்... டிங்டிங்டிங்!

5

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ) வெட்டவில்லை. பார்சலை ஒட்டிக் கொடுத்துவிடுகிறாள். மாலையில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குப் பல் கூசுகிறது.

ஆ) வெட்டுகிறாள். 'அட்டை இல்லை' என்று பார்சல் திரும்பி வருகிறது. சின்னவள் கடைக்காரனைத் திட்டிவிட்டு கவுனைப் பீரோவில் மாட்டுகிறாள். பெரியவள் கீழே நின்று "அடடா, பாவம்" என்கிறாள். கத்தரிக்கோல் தையல் பெட்டிக்குள் போய்விடுகிறது. வெட்டுகிற ஒலிகூட எனக்குத் தெரியும்: 'நறுக்' இல்லை, 'டக்'. அட்டை தொங்கும் பிளாஸ்டிக் இழை அப்படித்தான் அறும்.

இ) வெட்டினாளா இல்லையா என்று சொல்லாமல் உங்களிடம் விட்டுவிடுவது. சோம்பேறி எழுத்தாளர்களின் முடிவு. ஆனாலும் இதுதான் சரி என்று தோன்றியது.

6

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுதுகிறவளுக்கு ஒரு வியாதி உண்டு. கதை நன்றாக வந்துவிட்டால் யாரிடமாவது காட்டியாக வேண்டும். என் கதைகளுக்கெல்லாம் முதல் வாசகி மாடி வீட்டுக்காரிதான். மளமளவென்று படிப்பாள், ஓட்டை இருந்தால் விரலை விட்டுக் காட்டுவாள். பெருமையில் புத்தி கெட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு படியேறினேன். கொடுத்தபிறகுதான் யாரிடம் கொடுத்தேன் என்று உறைத்தது.

அவள் படித்தாள். நாலாவது பகுதியில் காது சிவந்தது. நிமிரவில்லை. மூன்றாவது பகுதிக்குத் திரும்பிப் போனாள். மறுபடி நாலாவது. அப்புறம் ஐந்து.

"கதைதானே" என்றேன்.

"ம்."

"முடிவு எது நல்லா இருக்கு? அதைச் சொல்லு."

"அந்தப் பெரியவங்க ஒரே புடவையில நாலு விசேஷத்துக்கு வர்றாங்களே, அந்தத் தைரியம் எனக்கு வராதுக்கா. பார்க்கிறப்பல்லாம் எனக்குப் பொறாமையா இருக்கும்" என்றாள்.

தாள்களை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். நாவல்பழ நிறம், வெள்ளி, ரத்தச் சிவப்பு. ஒவ்வொன்றின் கைக்குழியையும் திருப்பிப் பார்த்தாள். மூன்றிலும் அட்டை அறுபட்ட ஒரு துளி பிளாஸ்டிக் இழை நீட்டிக்கொண்டிருந்தது.

கதவை மூடாமலே என் பக்கம் திரும்பினாள்.

"கதையில ஒரு தடவைதான் கத்தரிக்கோலை எடுக்குறாங்க... இந்த மூணையும் எப்ப எழுதப்போறீங்க, அக்கா?"