பத்து டிகிரி பற்றாக்குறை

ஓடைக்கரைப்பட்டி அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அந்த ஆண்டு வந்த முக்கோணங்களில் ஒவ்வொன்றிலும் பத்து டிகிரி குறைந்திருந்தது. பாடப்புத்தகம், சாக்பீஸ் பெட்டி, முக்கோணம் எல்லாம் ஜூன் மாதம் ஒரே லாரியில்தான் வரும். கணக்கு ஆசிரியை மங்கையர்க்கரசி ஒன்றை எடுத்துப் பாகைமானி வைத்து அளந்தாள். மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றெழுபது. அடியிலிருந்து இன்னொன்றை உருவி அளந்தாள். அதுவும் நூற்றெழுபது.

தலைமை ஆசிரியர் தேவசகாயத்திடம் போய்ச் சொன்னாள்.

"சர்க்குலர் வந்திருக்கு டீச்சர். நிர்வாகக் காரணம்னு போட்டிருக்கு."

"என்ன காரணம் சார்?"

"நிர்வாகக் காரணம். அதுக்கு மேல போடல."

பத்து டிகிரி குறைந்தால் முக்கோணம் மூடாது. ஒரு மூலையில் இரண்டு கோடுகளும் அருகருகே வந்து, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, தொடாமல் நின்றன. எட்டாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். பரப்பளவு கணக்குப் போடும் நாளில் நாற்பத்தொரு நோட்டுகளிலிருந்தும் பரப்பளவு அந்த இடைவெளி வழியாகக் கசிந்து பெஞ்சில் வழிந்தது. பிள்ளைகள் கைக்குட்டையால் துடைத்தார்கள். மதியத்துக்குள் வகுப்புத் தரை பிசுபிசுத்துப் போனது. துப்புரவு செய்யும் அம்மா வந்து, இது என் வேலையில் சேராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் என்ன? விடைக்குறிப்பில் நூற்றெழுபது என்று அச்சடித்திருந்தது. நாற்பது பிள்ளைகள் அப்படியே எழுதியிருந்தார்கள். முத்துப்பேச்சி என்ற பெண் மட்டும் நூற்றெண்பது என்று எழுதி, உச்சி வழியாக ஓர் இணைகோடு வரைந்து, அழகாக நிரூபித்தும் இருந்தாள்.

மங்கையர்க்கரசி சிவப்பு மையால் அதற்குப் பூஜ்ஜியம் போட்டாள். விடைக்குறிப்பு அப்படி இருந்தது. போட்ட பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துப்பேச்சி தாளை வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போகவில்லை. மேசை அருகிலேயே நின்றாள்.

"தப்பா டீச்சர்?"

"இல்ல."

"அப்ப சரியா?"

"சரிதான்."

"சரிக்கு முட்டையா டீச்சர்?"

கேள்வியில் குறும்பு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மங்கையர்க்கரசிக்குக் காது மடல் வரை சூடேறியது. அவளுக்கு அந்தப் பெண் மேல் கோபம் இல்லை. தன் மேல் பாதி இருந்தது. மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு பஸ் ஏறினாள்.

அலுவலகத்தின் தாழ்வாரம் அவள் நடக்க நடக்க நீண்டது. பத்து அடி வைத்தால் கோடியில் இருந்த கதவு இருபது அடி தள்ளிப் போனது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த உதவியாளர், "எல்லாருக்கும் இப்படித்தாம்மா. போன மாசம் வந்த ஒரு சார் இன்னும் போயிக்கிட்டிருக்காரு," என்றார். தொலைவில், குடையுடன் ஒரு முதுகு தெரிந்தது.

மங்கையர்க்கரசி நின்றாள். பையிலிருந்து சாக்பீஸை எடுத்துச் சுவரில் '40 மீ' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். தாழ்வாரம் அதற்குப் பிறகு அசையவில்லை. நாற்பது மீட்டர் நடந்து கதவைத் தள்ளினாள். குடைக்காரரும் பின்னாலேயே வந்து, நன்றி சொல்லிவிட்டு வேறு அறைக்குப் போனார்.

உள்ளே எல்லோரும் சாய்ந்திருந்தார்கள். கிளார்க் சுப்புராமன் சாய்ந்திருந்தார். தட்டச்சு செய்கிறவர் கையை நீட்டி, எட்டாமல், காற்றில் தட்டிக்கொண்டிருந்தார். அலுவலர் கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"சொல்லுங்கம்மா."

"எங்க முக்கோணத்துல பத்து டிகிரி குறையுது சார்."

"குறையல. ஒதுக்கியிருக்கு. தொண்ணூறு டிகிரி நாற்காலியில உக்காந்தா முதுகு வலிக்குதும்மா. இப்ப நூறு."

மங்கையர்க்கரசி நாற்காலிகளை எண்ணினாள். பதினெட்டு.

"மாவட்டம் முழுக்க எத்தனை ஆயிரம் முக்கோணம் சார். இங்க பதினெட்டு நாற்காலிதான இருக்கு."

"மீதி ஸ்டாக்ல இருக்கு."

"யாருக்கு?"

"இனிமே வரப்போற நாற்காலிக்கு."

அதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளைங்க பெஞ்சில சாயுறதுக்கு முதுகுப் பலகையே இல்ல சார்," என்றாள். "சரியா எழுதின பிள்ளைக்கு என் கையால முட்டை போட்டிருக்கேன். எங்களுதைத் திருப்பிக் குடுங்க."

"மனு குடுங்க. முக்கோணத்தோட மூணு மூலையும் கையெழுத்துப் போடணும்."

"மூணாவது மூலைதான் சார் காணோம்."

"அப்ப ரெண்டு பேர் சொல்றத நாங்க எப்படி நம்புறது?"

மங்கையர்க்கரசி பையிலிருந்து மரத்தாலான பெரிய பழைய மூலைமட்டத்தை எடுத்தாள். கரும்பலகையில் கோடு போடுவது. அதைப் பக்கத்திலிருந்த சுப்புராமனின் நாற்காலி முதுகில் வைத்து, தோளைக் கொடுத்துத் தள்ளினாள். நாற்காலி நிமிர்ந்தது. பத்து டிகிரி டக்கென்று தரையில் விழுந்தது.

சுப்புராமன் நேராக உட்கார்ந்து தன் மேசையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இங்க மனுவெல்லாம் இருக்கே," என்றார். ஒன்றை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். பிறகு அவர் தலை நிமிரவே இல்லை.

மற்றப் பதினேழு பேரும் நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். மங்கையர்க்கரசி கிடைத்ததை டிபன் பாக்ஸில் வைத்து மூடினாள். பதிவேட்டில் 'ஒரு பத்து டிகிரி பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பஸ் வழியெல்லாம் அவள் பக்கமே சாய்ந்து ஓடியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, தேவசகாயம் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். "ஒண்ணுதானா டீச்சர்? நாப்பத்தொரு பிள்ளைங்களாச்சே. சீட்டுக் குலுக்கிப் போட்ரலாமா?"

அவளுக்கு அழுகை வந்தது. குலுக்கினால் ஒரு பிள்ளைக்கு முக்கோணம், நாற்பது பிள்ளைகளுக்குப் பிசுபிசுப்பு.

"டீச்சர்," என்றாள் முத்துப்பேச்சி. "பெரிய முக்கோணத்துக்கும் பத்து டிகிரிதான் குறையுமா?"

"ஆமா. பக்கம் எவ்வளவு நீண்டாலும் கோணம் மாறாது."

சொல்லி முடித்ததும் மங்கையர்க்கரசிக்கு விளங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே விளங்கியிருந்தது.

விளையாட்டு மைதானத்துக்குப் போனார்கள். கபடிக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளை வாளியில் கரைத்தார்கள். ஒரு பக்கம் நாற்பது மீட்டர். ஒரு பக்கம் ஐம்பது. ஒரு பக்கம் அறுபது. கடைசி மூலையில் வழக்கம்போல இரண்டு கோடுகளும் தொடாமல் நின்றன. நாற்பத்தொரு பேரும் உள்ளே வந்தார்கள். வருகைப் பதிவேட்டுடன் கோட்டின் மேல் நின்று யோசித்துக்கொண்டிருந்த தேவசகாயத்தையும் யாரோ உள்ளே இழுத்தார்கள். முத்துப்பேச்சி குனிந்து பத்து டிகிரியை மூலையில் பொருத்தினாள். தாழ்ப்பாள் விழுவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

மங்கையர்க்கரசி அங்கேயே முத்துப்பேச்சியின் தாளை வாங்கி, பூஜ்ஜியத்தை அடித்து, ஐந்து போட்டு, கையெழுத்தும் போட்டாள். தேவசகாயம் அதைப் பார்த்தார். "சர்க்குலர் வெளிய இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. அலுவலர் இறங்கினார். நிற்கும்போதும் அவர் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தார். சுண்ணாம்புக் கோடு வரை வந்து நின்றார். கோட்டின் உயரம் ஒரு விரல்கூட இல்லை.

"உள்ள வர வழி எங்கம்மா?"

"இல்ல சார். மூடியிருக்கு."

"எல்லா முக்கோணத்துலயும் ஒரு வழி இருக்கணும். உத்தரவு."

"சுத்திப் பாருங்க சார்."

அவர் வழி தேடி நாற்பது மீட்டர் பக்கத்தில் நடந்தார். மூலையில் திரும்பி ஐம்பது மீட்டர் நடந்தார். பிறகு அறுபது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். கோட்டை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடியும் நடந்தார்.

மங்கையர்க்கரசி பிள்ளைகளை நோட்டை எடுக்கச் சொன்னாள். அடுத்த பாடம் சுற்றளவு.

"ஒரு சுத்துக்கு நூத்தம்பது மீட்டர் டீச்சர்," என்றது ஒரு குரல்.

"நாலு சுத்து முடிச்சிட்டார். அறுநூறு," என்றாள் முத்துப்பேச்சி. "விடையை எழுதிரவா?"

"பொறு," என்றாள் மங்கையர்க்கரசி. "இன்னும் நடக்கிறார்."