காலி ஜாடிக்கு ஊற்றிய ஸ்பிரிட்

கதை முடிவதற்குள் தவளை கிடைத்துவிடும். வாசிப்பவர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காரலாம். இன்பராணிக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அந்த நிம்மதி கொடுத்துவைக்கவில்லை.

தில்லியில் ஒரு பல்கலைக்கழகம். அதில் விலங்கியல் துறை. அதன் முதல் மாடிக் கோடியில் ஒரு மியூசியம். இன்பராணி அதற்குப் பொறுப்பாளர். மியூசியம் என்றதும் பளிங்குத் தரையெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளமாக ஓர் அறை, மர அலமாரிகள், அவற்றில் பென்சன் என்ற பழைய பேராசிரியர் சேர்த்துவைத்த தவளை, தேரை, பல்லி, பாம்பு. வெள்ளைக்காரன் காலத்தில் சக பேராசிரியர்கள் எல்லாம் லீவுக்குச் சிம்லா போனார்கள். பென்சன் மட்டும் தெற்கே ரயிலேறி, மலைக்காட்டு மழையில் நனைந்து, அட்டைகளுக்கு ரத்ததானம் செய்து இவற்றைப் பிடித்து வந்தார். ஸ்பிரிட்டில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்து, கொக்கி கொக்கியான கையெழுத்தில் சீட்டு ஒட்டினார்.

அந்தச் சரக்கிலேயே உசத்தி, கட்டைவிரல் அளவு தவளை ஒன்று. ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் சூட்டும்போது எந்த உடலை வைத்துச் சூட்டினார்களோ, அதை மூலமாதிரி என்பார்கள். பிற்பாடு யார் எந்தத் தவளையைத் தூக்கிக்கொண்டு வந்து ‘இதுவும் அதே ஜாதிதான்’ என்றாலும் மூலமாதிரியோடு ஒப்பிட்ட பிறகுதான் தீர்ப்பு. தராசுக்குப் படிக்கல் மாதிரி. பென்சனின் தவளை அப்படி ஒரு படிக்கல்.

இந்தப் படிக்கல்லை வைத்துத்தான் இன்பராணி போன வாரம் பேரம் முடித்திருந்தாள். துறைத் தலைவர் சாவ்லா மேடத்துக்கு அந்த அறை வேண்டும். திரையும் கம்ப்யூட்டரும் வைத்த நவீன வகுப்பறைக்கு மேலிடம் அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. ஜாடிகள் கீழே கோடவுனுக்குப் போகட்டும் என்றார். தகரக்கூரை கோடவுன். தில்லியின் மே மாதத்தில் அதற்குள் வைத்தால் ஸ்பிரிட் ஆவியாகி, தவளைகள் எல்லாம் வற்றலாகிவிடும்.

“மேம், உலகத்திலேயே ஒண்ணே ஒண்ணு இருக்கிற தவளை நம்மகிட்ட இருக்கு. அதைப் பாக்க கோயம்புத்தூர்லேர்ந்து ஆராய்ச்சிக்காரங்க வர்றாங்க. அதைப் போய் கோடவுன்ல போடுவீங்களா?” என்று இந்தியில் கேட்டாள் இன்பராணி.

“அச்சா? அவங்க வந்து பாத்து, ஆமா இதுதான்னு சொல்லட்டும். அறை உன்னுது. இல்லேன்னா கோடவுன். பக்கா?”

“பக்கா, மேம்.”

கை குலுக்கியதோடு சரி. ஜாடியைத் திறந்து பார்க்கவில்லை. புளி மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்காமல் விலை பேசுகிறவன் கொட்டையைத்தான் கொண்டுபோவான் என்பது ஐ.என்.ஏ. மார்க்கெட் பலசரக்கு வியாபாரிகளின் வேதம். அங்கே கடை வைத்திருந்த ஏசுதாஸின் மகள் அவள். புத்தி அன்றைக்கு லீவில் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆராய்ச்சிக்காரி அம்சவேணி வந்துசேர்ந்தாள். முனிர்காவில் சிநேகிதியின் அறையில் தங்கியிருந்தாள். முதுகுப் பையில் லென்ஸ், அளவுகோல், கூடவே தேங்காய் பர்பி. இருவரும் கையுறை மாட்டிக்கொண்டார்கள். பழுப்புக் கண்ணாடி ஜாடியின் மெழுகைச் சுரண்டி, மூடியைத் திருகி, உள்ளே டார்ச் அடித்தார்கள்.

உள்ளே ஸ்பிரிட் இருந்தது. தவளை இல்லை.

இன்பராணி ஜாடியை ஒரு கிண்ணத்தில் கவிழ்த்தே பார்த்துவிட்டாள். ஒரு கால்விரல்கூட விழவில்லை.

“அய்யோ கர்த்தாவே! வருஷா வருஷம் நான்தானே இதுக்கு ஸ்பிரிட் ஊத்துதேன்!”

“அப்ப உள்ளார பாத்திருப்பீங்கல்லக்கா?”

“எங்க பாக்க? மூடியில ஊசி போற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கு. அதுவழியா ஏத்திட்டு மெழுகு வச்சிருவோம். கண்ணாடியும் பழுப்பு. எனக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான் செஞ்சாரு, அவருக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான்.”

காலி வீட்டுக்குத் தவறாமல் பால் போட்டுவந்த கதை. கோடவுன் போகட்டும், இப்போது அதைவிடப் பெரிய பூதம் கண்முன் நின்றது. நாட்டின் மூலமாதிரி ஒன்றைத் தொலைத்தவள் என்று இனி காலத்துக்கும் அவள் பேர்தான் அடிபடும். இன்பராணி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்சவேணி கிண்ணத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அக்கா, ஒரு நிமிஷம் அழுவாம இதைப் பாருங்க. தவளை கெடந்த ஸ்பிரிட்டு மஞ்சளாயிருமுங்க. டீத்தண்ணி கணக்கா இருக்கும். இது பச்சத்தண்ணியாட்ட இருக்குது.”

“அதனால?”

“இதுக்குள்ள தவளை எப்பவுமே இருந்ததில்லீங்க. யாரும் திருடல, நீங்களும் தொலைக்கல.”

பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி கேட்டது: அப்படியானால் அது எங்கே? பென்சன் வெளியிட்ட குறிப்பை அம்சவேணி மனப்பாடமாகவே சொன்னாள். அந்தத் தவளையை அவர் கையால் பிடிக்கவில்லை. ஓடையோரம் பிடித்த ஒரு தண்ணீர்ப் பாம்பின் வயிற்றைக் கீறியபோது, அப்போதுதான் விழுங்கிய தவளை முழுசாகக் கிடைத்தது.

“அந்தப் பாம்பு இருக்குதுங்களா?”

“இருக்கே!” இன்பராணி கீழ்த்தட்டிலிருந்து ஓர் உயரமான வெள்ளைக் கண்ணாடி ஜாடியை அணைத்துத் தூக்கிவந்தாள். சுருண்ட பாம்பு, வயிற்றில் நேர்கோடாகக் கறுப்புநூல் தையல். ஸ்பிரிட் நல்ல மஞ்சள்.

“தையல் அம்சமா இருக்குதுங்க்கா.”

“பென்சன் ஐயா எதையும் திருத்தமாத்தான் செய்வாரு” என்றாள் இன்பராணி சுரத்தில்லாமல்.

மதியம்வரை எல்லா அலமாரிகளையும் குடைந்தார்கள். தேரைக் கூட்டத்துக்குள் தேடினார்கள், பல்லிகளைக் கலைத்தார்கள். கட்டைவிரல் தவளை எங்கும் இல்லை. சரியாக அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சாவ்லா மேடம் வந்தார். ஒரு கையில் நாலடுக்கு டிபன் கேரியர், மறு கையில் அறையை அளப்பதற்கான டேப். விருந்தோம்பலும் வியாபாரமும் அவரிடம் ஒரே பைக்குள் இருக்கும்.

“அரே இன்பா, விருந்தாளியைப் பட்டினி போடறியா? சரி, எங்கே நம்ம வி.ஐ.பி. தவளை?”

“சாப்பாட்டுக்கு முன்னால வேண்டாம் மேம். உங்களுக்குப் பசி அடங்கிரும்.”

“முப்பது வருஷமா தவளை அறுக்கிறேன். எனக்கா பசி அடங்கும்?” என்று சிரித்தபடியே அவர் டேப்பின் நுனியைச் சுவரில் வைத்து ஜன்னல்வரை இழுத்தார். கரும்பலகை இங்கே, திரை அங்கே என்று கண் கணக்குப் போட்டது.

பக்கத்து அறையில் உட்கார்ந்தார்கள். சப்பாத்தி, தயிர், பிறகு சாவ்லா மேடத்தின் பெருமைக்குரிய பர்வான் கரேலா: சின்னச் சின்னப் பாகற்காய்களின் வயிற்றைக் கீறி, மசாலா திணித்து, நூல் சுற்றி, எண்ணெயில் வதக்கியது. அம்சவேணி முழுசாக ஒன்றை வாயில் போடப்போனாள்.

“ருக்கோ, ருக்கோ, பேட்டா! நூலை எடுத்துட்டுச் சாப்பிடு.”

“எதுக்குங்க மேடம் நூலு?”

“கட்டலேன்னா உள்ளே வச்சதெல்லாம் வெளியே வந்துடுமே. வெறும் கரேலாவுக்கு யாராவது நூல் கட்டுவாங்களா?”

இன்பராணியின் கையிலிருந்த சப்பாத்தி தயிருக்குள் விழுந்தது.

ஸ்பிரிட் உள்ளே இறங்குவதற்காகப் பாம்பின் வயிற்றைக் கீறி வைப்பது வழக்கம். அலமாரியிலிருந்த அத்தனை பாம்புக்கும் அந்தக் கீறல் உண்டு. ஒன்றையும் தைத்திருக்கவில்லை. தைத்தால் கீறியதற்கே அர்த்தம் இல்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் தையல்!

“அம்சா, எந்திரிங்க!”

“அக்கா, சோறு...”

“சோறு எங்கயும் போவாது. தவளையும் எங்கயும் போவல!”

சாவ்லா மேடம் “க்யா ஹுவா?” என்று கேட்டுக்கொண்டே கையில் கரேலாவோடு பின்னால் வந்தார். பாம்பைத் தட்டில் கிடத்தினார்கள். அம்சவேணி சின்னக் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினாள்.

“பிரிச்சு ஒண்ணும் இல்லைன்னாங்க்கா?”

“இல்லைன்னா பழைய பாம்பைக் கெடுத்தவள்னும் பேரு வரட்டும். ஏற்கெனவே ஒண்ணு வாங்கியாச்சு. வெட்டுங்க.”

ஒவ்வொரு தையலாக அறுந்தது. அம்சவேணி இடுக்கியை உள்ளே விட்டு, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் மெல்ல வெளியே எடுத்தாள். கட்டைவிரல் அளவுத் தவளை. மூக்கு நுனி மட்டும் கொஞ்சம் கரைந்திருந்தது. மற்றபடி கண், கால், விரலிடைச் சவ்வு எல்லாம் பத்திரம். இடுப்பில் நூலால் கட்டிய சின்னத் தகடு. தகட்டில் கொத்தியிருந்த எண்ணும் காலி ஜாடியின் சீட்டில் இருந்த எண்ணும் ஒன்று.

அம்சவேணி லென்ஸை வைத்துப் பார்த்தாள்.

“இதேதானுங்க்கா. நூத்துக்கு நூறு இதேதான்.”

இன்பராணி ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமலே சிரித்தாள். சிரிப்பினூடே கண்ணில் நீர் வழிந்தது. ஸ்பிரிட் நெடி என்று சொல்லிக்கொண்டாள்.

பிறகு மூவரும் டீயை வைத்துக்கொண்டு யோசித்ததில் பென்சனின் கணக்கும் பிடிபட்டது. அது யுத்த காலம். நல்ல ஸ்பிரிட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கைவசம் நிரம்பியிருந்தது பாம்பு ஜாடி ஒன்றுதான். தவளைக்கென்று ஜாடியும் சீட்டும் தயாராக வைத்துவிட்டு, ஸ்பிரிட் வரும்வரை தவளையை அது இருந்த இடத்திலேயே குடிவைத்து, நழுவாமல் தைத்திருப்பார். ஸ்பிரிட் வருவதற்குள் அவர் காலம் முடிந்திருக்கும். ஊகம்தான், ஆனால் மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது. பிற்பாடு வந்த ஒரு புண்ணியவான், ஜாடி வற்றிக் கிடக்கிறதே என்று பதறி ஊற்ற ஆரம்பித்திருக்கிறார்.

“அப்போ சாப்பாட்டுக்கு முன்னால என்கிட்ட காட்ட உன்கிட்ட தவளையே இல்லை!” சாவ்லா மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. “சாலாக்! பலே தந்திரக்காரி! பசி அடங்கிரும்னு சொன்னியே!”

“பொய் இல்லியே மேம். எனக்கு அடங்கிதான் போச்சு.”

சாவ்லா மேடம் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். “பக்கான்னா பக்கா. அறை உன்னுது. ஸ்மார்ட் கிளாஸை என் ரூம்லயே வச்சுக்கறேன், போ. ஆனா ஆராய்ச்சிப் பேப்பர் எழுதும்போது கரேலாவுக்கு நன்றி சொல்லணும்.”

“கட்டாயம் சொல்லுவேனுங்க மேடம்” என்றாள் அம்சவேணி.

தவளை இத்தனை காலம் கழித்துத் தன் சொந்த ஜாடிக்குக் குடிபோனது. பாம்பு முதன்முறையாக வெறும் வயிற்றோடு அலமாரிக்குத் திரும்பியது. இன்பராணி ஆறிப்போன சப்பாத்தியை எடுத்துக்கொண்டு மிச்சமிருந்த கரேலா மொத்தத்தையும் காலிசெய்தாள். கசப்பே தெரியவில்லை.

சாவ்லா மேடம் கேரியரை அடுக்கிக்கொண்டே கேட்டார். “இன்பா, பெட்டியில இருக்கிற பென்சனோட ஆமை ரொம்ப அபூர்வம்னு சொல்லுவியே. அடுத்த மாசம் வைஸ் சான்சலர் வர்றார். அதைக் காட்டலாமா?”

பழைய இன்பராணியாக இருந்தால் அங்கேயே கையை நீட்டியிருப்பாள்.

“பெட்டியைத் திறந்து பாத்துட்டுச் சொல்லுதேன் மேம்” என்றாள்.