முளை இறங்கவேண்டிய குழி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. பாதி பார்த்தது, மீதி கேட்டது. கேட்டதில் பாதியை நான் நம்பவில்லை. நம்பாததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அதை எடுத்துவிட்டால் கதை நிற்காது.

மத்திகிரியில் மாட்டுப் பண்ணைக்கு அந்தப் பக்கம், பழைய மாங்கூழ் குடோன் ஒன்றில் ஏர் ரைஃபிள் சுடும் இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வயசானவர்கள் வந்து, மேசைமேல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரில் இருக்கும் அட்டையைச் சுடுவார்கள். அட்டை ஒட்டுகிறவன் நான். போன வருஷம் அங்கே ஒரு மனிதர் குறிபார்க்கும் கண்ணாடிக்குழல், கனமான ஸ்கோப் ஒன்றை வாங்கிவிட்டு, அதைத் துப்பாக்கிமேல் நிறுத்த ஒரு மவுண்ட் தேடி அலைந்தார். கதை அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, யாரும் ஓடிப்போகவில்லை. இதற்கெல்லாம் ஒரு கதையா என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். வண்டி இன்னும் கிளம்பவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மலைமேல் பனி கவிந்திருந்த ஒரு காலைப்பொழுதில் கௌஸ் மொய்தீன் தன் துப்பாக்கியை

அடித்துவிட்டேன். பனியெல்லாம் இல்லை. கிரானைட் லாரிப் புழுதிதான் இருந்தது. அடுத்து:

கண் என்பது மனிதனுக்கு

இதையும் அடித்தேன். கண்ணைப் பற்றி அவருக்குத் தெரியும். எனக்கு என்ன தெரியும்?

2

கௌஸ் மொய்தீன் குருபரப்பள்ளி ஹைவேயில் டயர்க்கடை வைத்திருந்தவர். இப்போது கடை மகன்கள் கையில். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. லாரியின் நம்பர் தெரிகிறது, மனைவி அஸ்மத்தின் முகம் தெரிகிறது, ஆனால் அட்டையின் நடுவிலிருக்கும் சின்ன வட்டம் மட்டும் தண்ணீரில் விழுந்த மை மாதிரி கலைகிறது. பழைய சின்ன ஸ்கோப் போதவில்லை. அதனால்தான் இந்தப் பெரியது வாங்கினார். கையில் வைத்தால் செங்கல் மாதிரி கனம்.

வருஷத்துக்கு ஒருமுறை அறுபது தாண்டியவர்களுக்கு அங்கே போட்டி உண்டு. எப்போதும் ஜெயிப்பது திம்மராயன், கம்பெனி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் இரண்டாவது வருவது இவர்.

"பாய், உன் கண்ணு ரிட்டையர் ஆயிடுச்சி," என்றார் திம்மராயன். "பேசாம ஒக்காந்து மார்க்கு எழுது. நான் சுடறன், நீ எழுது."

"எழுதறன் திம்மு. மொதல்ல எழுதற மாதிரி சுடு."

அங்கே சிரித்தார். வீட்டில் சிரிக்கவில்லை. "இந்தப் போட்டிக்குள்ள ஸ்கோப்பு நிக்கலைன்னா துப்பாக்கிய யாருக்காச்சும் குடுத்துடறன்," என்றார் மனைவியிடம். "ஞாயித்துக்கெழம வீட்லயே இருந்துக்கறன்."

"வீட்லயா?" என்றாள் அஸ்மத். கொஞ்சம் யோசித்து, "நல்லா தேடிப் பாருங்க. மவுண்டு கெடைக்காமலா போயிடும்," என்றாள்.

(இந்த இடத்தில் வாசகர் சிரித்திருந்தால் நல்லது. சிரிக்காவிட்டாலும் அவள் சொன்னது அதுதான். நான் மாற்றப்போவதில்லை.)

3

மவுண்ட் விஷயத்தை விளக்கியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவர் துப்பாக்கி ஸ்பிரிங் வைத்தது. விசையை அழுத்தினால் ஒருதரம் பின்னால் உதைக்கும், உடனே ஒருதரம் முன்னால் உதைக்கும். மேலே கனமான ஸ்கோப் இருந்தால், ஒவ்வொரு உதைக்கும் அது ஒரு மயிரிழை பின்னால் நகரும். கொஞ்ச நேரத்தில் குறி போய்விடும். இன்னும் நகர்ந்தால் புருவத்தில் முட்டும். பெங்களூர் கடைக்காரன் இரண்டு வகை காட்டினான். ஒன்று, தனித்தனியாக இரண்டு வளையம். இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இன்னொன்று ஒரே கட்டையில் செய்த நீளமான மவுண்ட். அதன் அடியில் ஒரு முளை உண்டு. துப்பாக்கியின் மேல்பட்டையில் இருக்கும் குழிக்குள் அந்த முளையைத் திருகி இறக்கிவிட்டால் மவுண்ட் பின்னால் போக வழியில்லை.

கடைக்காரன் இரண்டாவதைப் புகழ்ந்தான். அதனாலேயே கௌஸ் மொய்தீனுக்குச் சந்தேகம் வந்தது. எதையும் வாங்காமல் பஸ் ஏறிவிட்டார். மறுநாள் ஓசூர் சிப்காட்டில் மில்லிங் பட்டறை வைத்திருக்கும் முனீஸ்வரனிடம் போய், மேல்பட்டையின் அகலத்தை அளந்து சொல்லச் சொன்னார்.

அன்றைக்கு ஆயுதபூஜை. பட்டறையில் எல்லா மிஷினுக்கும் மாலை போட்டிருந்தது. வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தது. மேசைமேல் இரண்டு துப்பாக்கிகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று இவருடையது. இன்னொன்று ஸ்பிரிங் மாற்றக் கொடுத்திருந்த திம்மராயனுடையது.

"பாய், இதுங்களுக்கும் பொட்டு வெக்கட்டுமா? தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"வையி. லேத்துக்கு வெக்கற, வெல்டிங் மிஷினுக்கு வெக்கற. என் துப்பாக்கி மட்டும் என்னா பாவம் பண்ணுச்சி?"

முனீஸ்வரன் கட்டைவிரலால் இரண்டு துப்பாக்கியின் முதுகிலும் தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தான். பொரி கொடுத்தான். மென்றுகொண்டே பேசினான்.

"ரெண்டு ரிங்கு போதும் பாய். நான் டைட்டு வெச்சித் தரன். ஆன இழுத்தாலும் நவுராது."

"ஆன எங்கடா வந்து இழுக்கப்போவுது? ஸ்பிரிங்கு இழுக்கும்." கௌஸ் மொய்தீன் பொரியிலிருந்து கடலையைப் பொறுக்கினார். "மேட்டுல லோடு லாரி நிக்குது. ஹேண்ட் பிரேக்க நம்பி கீழ படுத்து டயர் கழட்டுவியா?"

"மாட்டன். கல்லு வெப்பன்."

"அவ்ளோதான். ரிங்கு வந்து ஹேண்ட் பிரேக்கு. மொளை வந்து கல்லு."

அவர் சுபாவம் அது. பிடித்துக்கொண்டிருப்பதை நம்பமாட்டார், தடுத்து நிற்பதை நம்புவார். அடுத்த வாரம் முளை வைத்த மவுண்டையே வாங்கிவந்தார். கடைக்காரன் சிரித்தது பிடிக்கவில்லை. ஆனாலும் வாங்கினார்.

4

வீட்டிலேயே மாட்டினார். துப்பாக்கியை வேஸ்ட் துணியால் துடைத்தார். ஆலன் கீ போட்டு முளையைத் திருகினார். இறுகியது. இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டார். குழிக்குள் பார்க்கிற கண் அவருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சுட்டார். முதல் குண்டு நடுவில். அடுத்தது கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்தது இன்னும் தள்ளி. அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். எறும்புச் சாரை போல ஒரு பக்கமாகவே ஊர்ந்திருந்தது. கடைசிக் குண்டுக்கு ஸ்கோப் புருவத்தில் முட்டியது.

"பாய், பொட்டு வெச்சிக்கினியா? செவப்பா கீது," என்றார் திம்மராயன்.

கௌஸ் மொய்தீன் புருவத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் சந்தேகப்பட்டவர்களைச் சொல்கிறேன். பெங்களூர் கடைக்காரன் டூப்ளிகேட் கொடுத்திருப்பான். முனீஸ்வரன் அளவைத் தப்பாகச் சொல்லியிருப்பான். டீ குடிக்கப் போனபோது திம்மராயன் ஸ்க்ரூவைத் தளர்த்தியிருப்பான். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் அட்டை ஒட்டுகிறவன், எனக்கென்ன லாபம்?

(திம்மராயன் தளர்த்தினார் என்றே கதையைக் கொண்டுபோய்விடலாமா என்று பார்த்தேன். சண்டை வரும், சட்டை கிழியும், படிக்க விறுவிறுப்பாக இருக்கும். இரண்டு பக்கம் எழுதினேன். திம்மராயன் ஒத்துவரவில்லை. வாயால் குத்துகிற ஆள் கையால் குத்தமாட்டார். அந்தப் பக்கங்களில் இட்லி மடித்தாகிவிட்டது.)

5

அன்று மத்தியானம் மவுண்டைக் கழற்றிக் கூடத்தில் பரப்பியிருந்தார். "குடுத்துடறன். முடிஞ்சிபோச்சி," என்றார்.

அஸ்மத் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண் இன்னும் ஊசியில் நூல் கோக்கும். "இந்தக் குழிதானே அது எறங்கற குழி? அடைச்சிக்கினு கீதே."

"இரும்புல என்னாத்த அடைக்கும்?"

அவள் முக்காட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் குழிக்குள் சுரண்டினாள். மேலே கறுப்பு எண்ணெய் அழுக்கு வந்தது. அதற்கடியில் மஞ்சளாக, சிமெண்டு மாதிரி காய்ந்த தூள் உதிர்ந்தது. விரலில் எடுத்து அவர் மூக்கருகே நீட்டினாள்.

சந்தனம்.

கௌஸ் மொய்தீன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். முளை குழிக்குள் இறங்கவே இல்லை. காய்ந்த சந்தனத்தின் மேல் உட்கார்ந்து, மவுண்டையும் பட்டையில் சரியாகக் கவ்வவிடாமல் தூக்கியிருந்தது. கல்லை டயருக்குக் கீழே வைக்காமல் டயர்மேல் வைத்த கதை.

"யாரு வெச்சது?" என்றாள்.

"முனீஸ்வரன்." துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் வெக்கச் சொன்னன்," என்றார்.

சந்தேகப்பட்ட அத்தனை பேரையும் ஒரே நாளில் விடுதலை செய்யவேண்டி வந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். பிறகு சிரித்தார். சத்தமாக அல்ல, தோள் மட்டும் குலுங்கியது. அந்த ஊக்கைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

6

அடுத்த ஞாயிறு ஒரே ஓட்டையில் நான்கைந்து குண்டு போயிற்று. நான் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திம்மராயனும் வந்து பார்த்தார். சந்தனச் சமாச்சாரத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"என்னா மவுண்டு பாய் இது?"

கௌஸ் மொய்தீன் மவுண்டின் பேரைச் சொன்னார். அந்த வாரமே பெங்களூர் போய் அதே மவுண்டை வாங்கிவந்துவிட்டார் திம்மராயன். அதுவரை அவர் துப்பாக்கியில் இருந்தது இரண்டு வளையம். அந்தக் குழிக்கு வேலையே இருந்ததில்லை.

புத்தியுள்ள வாசகருக்கு இப்போது புரிந்திருக்கும். புரியாதவர்களுக்கு: பட்டறை மேசைமேல் இரண்டு துப்பாக்கி இருந்தது. இரண்டுக்கும் பொட்டு வைத்தார்கள்.

7

அதற்கடுத்த ஞாயிறு, போட்டியன்று காலை. கணக்கில் சேராத சோதனைக் குண்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கௌஸ் மொய்தீனின் அட்டை சுத்தமாக இருந்தது. திம்மராயனின் அட்டையில் எறும்புச் சாரை.

"மொளை நல்லாதான் எறங்குச்சி," என்றார் திம்மராயன், யாரிடமும் இல்லாமல். "கை வலிக்கற வரைக்கும் திருகினன்." அவர் முகம் இப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. "எனக்கும் கண்ணு போயிடுச்சா என்னா?"

கௌஸ் மொய்தீனின் கை சட்டைப் பையருகே போனது.

முடிவு ஒன்று எழுதினேன். அவர் பேசாமல் இருக்கிறார், ஜெயிக்கிறார். பரிசு ஒரு குக்கர். அஸ்மத் அதில் பிரியாணி செய்கிறாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் குக்கர் விசிலடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவர்

விட்டுவிட்டேன்.

முடிவு இரண்டு. ஊக்கை எடுத்துக் கொடுக்கிறார். திம்மராயன் குழியைச் சுரண்டி, முளையை இறக்கி, எப்போதும்போல ஜெயிக்கிறார். உன் ஊக்கால்தான் ஜெயித்தேன் என்று சொல்வாரா? மாட்டார். அடுத்த வருஷம் முழுக்க மார்க்கு எழுதச் சொல்லுவார். இதுவும் நன்றாகத்தான் வந்தது.

இரண்டிலும் சுட்டு முடித்தபிறகு இருவரும் சேர்ந்து எதிர்க்கடையில் டீ குடிக்கிறார்கள். அதை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. அதனால் எனக்குப் பெரிய கவலை எதுவும் இல்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். புது அட்டை ஒட்டச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டேன். என் வேலை அது. முதுகுக்குப் பின்னால் திம்மராயன் குரல் கேட்டது.

"என்னா பாய், பையில அவ்ளோ நேரமா என்னாத்த தேடற?"

கை இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. வெளியே எடுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.