பிரின்சியின் புதுநன்மை விருந்து

கணவன் அற்புதராஜின் இலையிலிருந்து ஜாங்கிரியை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டது ஹெலன் யோசித்துச் செய்த காரியமில்லை. அவளுடைய தம்பி ரூபனின் குழந்தைக்கு அன்று ஞானஸ்நானம். அம்மாபேட்டையில் ஒரு சின்ன மண்டபத்தில் மதியச் சாப்பாடு. பரிமாறியவர் ஜாங்கிரியை வைத்துவிட்டு நகர்ந்தார். அற்புதராஜ் அதன் ஓரத்தை ஒடித்தார். அதற்குள் ஹெலனின் கை நீண்டுவிட்டது.

"போன வாரம் சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் எரநூத்தி நாப்பத்தெட்டு. ஞாபகம் இருக்குதுங்களா?" என்றாள்.

எதிர்ப்பந்தியில் யாரோ சிரித்தார்கள். "மச்சானுக்கு ஊட்டுக்குள்ளயே போலீஸ்" என்றான் ரூபன். அற்புதராஜும் சிரித்தார். விரலில் ஒட்டிய பாகை இலையின் ஓரத்தில் துடைத்துவிட்டு, மோர் வருவதற்குள் இலையை மடித்து எழுந்தார்.

ஹெலன் சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்களின் கையைப் பிடித்து ஊசி குத்தி ரத்தம் எடுப்பதிலிருந்து அவள் நாள் தொடங்கும். சர்க்கரை ஏறினால் என்ன ஆகும் என்பதை அவள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவளுடைய அப்பாவுக்கு அதே வியாதியில் இரண்டு கால்விரல்கள் போயின. கட்டுப் பிரிக்கும்போது கூட நின்றவள் அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் அற்புதராஜின் ரத்தத்தை அவளே எடுத்து, அவளே மெஷினில் வைத்து, வந்த எண்ணைப் பார்த்தபோது அப்பாவின் கால்தான் அவள் கண்ணில் நின்றது.

அன்றிலிருந்து வீட்டுச் சமையல் மாறியது. சோறு பாதியாகி, காயும் கீரையும் இரண்டு மடங்காயின. இரவுக்குக் கேழ்வரகு தோசை. அற்புதராஜ் எதற்கும் முரண்டு பிடிக்கவில்லை. கொண்டலாம்பட்டியில் லாரிகளுக்கு வயரிங் வேலை செய்யும் பட்டறை அவருடையது. நாள் முழுக்க வண்டிக்கடியில் படுத்து எழுகிறவர், காலையில் நடக்கவும் செய்தார். எண்ணும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. கல்யாணம் ஒன்று, சீமந்தம் ஒன்று, பாதர் வந்து ஜெபித்த ரூபனின் புதுவீட்டு மந்திரிப்பு. ஒவ்வொரு தடவையும், "அவசரமா ஒரு வண்டி நிக்குது, நீ போயிட்டு வா புள்ள" என்றார்.

ஹெலனுக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. பந்தியில் உட்கார்ந்தால்தானே வம்பு. ஆனால் ரூபன் வீட்டு மந்திரிப்புக்கு மறுநாள், பட்டறைக்கு அடுத்த டீக்கடை வேல்முருகன் அவளை வழியில் பார்த்து, "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லீங்களா? நேத்து முழுக்க வண்டி ஒண்ணும் இல்ல. சும்மாவே உக்காந்துட்டு, தூக்குப்போசில இருந்ததைச் சாப்பிட்டுட்டுப் போனாரு" என்றான்.

அவள் அதை வீட்டில் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததுபோலவும் இருந்தது, தெரியாததுபோலவும் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் அற்புதராஜின் தங்கை வேளாங்கண்ணி நாமகிரிப்பேட்டையிலிருந்து நேரில் வந்தாள். மகள் பிரின்சிக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் சடங்கு. மே மாதம் இரண்டாம் ஞாயிறு.

"அண்ணா, எனக்குக் கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன்தான். நீ வல்லீன்னா புள்ளைக்கு மாலை போட யார் இருக்கறாங்க?"

"வாரேன், வாரேன். எம் மருமக விசேஷத்துக்கு வராம எங்க போறேன்" என்றார் அற்புதராஜ். அவர் முகம் தெளிந்திருந்ததை ஹெலன் பார்த்தாள்.

அந்த ஞாயிறு விடிகாலையிலேயே பஸ் ஏறினார்கள். ஹெலன் ஆறு இட்லி கட்டி எடுத்திருந்தாள். அற்புதராஜ் வீட்டிலேயே தண்ணீர் குடித்து சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். இராசிபுரம் தாண்டியதும் அவள் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"நன்மை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சாப்பிடக்கூடாது. பூசை முடியட்டும்" என்றார்.

"ஒரு மணி நேரம் இன்னும் தாராளமா இருக்குதுங்க."

"பஸ்ஸுல வேண்டாம் புள்ள. அங்க போயிப் பாத்துக்கலாம்."

பூசை எட்டரைக்கு. முப்பத்திரண்டு பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் மெழுகுவர்த்தியோடு வரிசையாக வந்தார்கள். பாதர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்தார். கோயிலுக்குள் காற்றாடி சுற்றியதே தவிர, வெயிலின் புழுக்கம் குறையவில்லை. பூசை முடிந்து, பிள்ளைகளோடு பாதரின் படம், குடும்பத்தோடு படம், பெற்றோரோடு படம் என்று பதினொன்றரை ஆயிற்று. பங்குக் கோயில் சார்பில் பிள்ளைகளுக்கும் கூட வந்தவர்களுக்கும் இட்லியும் பொங்கலும் கொடுத்தார்கள். ஹெலன் பெண்களோடு நின்று சாப்பிட்டாள். "சாப்பிட்டீங்களா?" என்று தூரத்திலிருந்து சைகையில் கேட்டாள். அற்புதராஜ் தலையை ஆட்டினார்.

வேளாங்கண்ணி வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு, பக்கத்துக் காலி மனையில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. பிரின்சிக்கு அற்புதராஜ் மாலை போட்டார். சொந்தங்கள் ஒவ்வொருவராக வந்து பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டார்கள். பிறகு கேக் வெட்டினார்கள். அப்போது மணி ஒன்று ஆகப்போனது.

பிரின்சி கேக்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு நேரே மாமனிடம் வந்தாள். "மொதல்ல மாமாவுக்குத்தான்" என்று அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"வேண்டாம் சாமி" என்றார் அற்புதராஜ்.

"ஒரே ஒரு வாய் மாமா."

"வேண்டாம்னா வேண்டாம்! எத்தன தடவ சொல்றது!"

அவர் கை அவளுடைய கையைத் தட்டிவிட்டது. கேக் அவள் வெள்ளைக் கவுனின் மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. பத்து வயதுப் பிள்ளை தன் உடுப்பைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவள் உதடு கோணியது. வேளாங்கண்ணி ஓடிவந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, அண்ணனை நம்ப முடியாமல் பார்த்தாள்.

ஹெலனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னிடம் காட்ட வேண்டிய கோபத்தைக் குழந்தையிடம் காட்டுகிறாரே என்று நினைத்தாள். பட்டறையில் ஸ்பேனரைத் தொலைத்தவனைக்கூட அதட்டாத மனிதர். அந்த நினைப்பே அவளை நிறுத்தியது. அவர் இப்படிப் பேசுகிறவர் இல்லையே. திரும்பிப் பார்த்தாள். எல்லாருக்கும் வியர்த்திருந்தது, ஆனால் அவர் சட்டை முதுகோடு ஒட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. நாற்காலியின் கையைத் தேடி அவருடைய விரல்கள் காற்றில் நடுங்கின.

"புடிங்க அவரை!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

இரண்டு பேர் தாங்கி, உள் அறையில் கட்டிலில் உட்கார வைத்தார்கள். ஹெலன் கைப்பையிலிருந்த சுகர் மெஷினை எடுத்து விரலில் குத்தினாள். நாற்பத்தொன்பது.

"வேளாங்கண்ணி, அரை டம்ளர் தண்ணியில நாலு ஸ்பூன் சக்கரை. சீக்கிரம்."

பக்கத்து வீட்டுப் பாப்பாயி வாசலில் நின்று பதறினாள். "ஏனுங்க, சக்கரை வியாதிக்காரருக்குச் சக்கரைத் தண்ணியா குடுப்பீங்க?"

"இப்ப ஏறலீங்க, எறங்கிப் போச்சு. இப்ப இதுதான் மருந்து" என்றாள் ஹெலன். டம்ளரை அவர் உதட்டில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள்.

குடித்து முடித்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவை ஒருக்களித்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வெளியே யாரோ பிரின்சியின் உடுப்பைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"காலைல சாப்பிடவே இல்லீங்களா?"

"இல்ல."

"மாத்திரையப் போட்டுட்டா?"

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "மத்தியானம் பிரியாணி இருக்குது, அல்வா இருக்குது. காலைல ஒண்ணும் சாப்பிடாம விட்டா, அந்த எடத்துல இத வெச்சுக்கலாம்னு நெனச்சேன். நீயும் ஒண்ணும் சொல்ல முடியாதில்ல."

ஹெலன் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அந்தக் கையை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டாள். எதைச் சாப்பிடக்கூடாது என்று இரண்டு வருடமாகச் சொல்லியிருக்கிறாள். இந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக்கூடாது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறாளா? தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"ரூபன் ஊட்டு விசேஷத்துல எல்லாரும் சிரிச்சதுக்காக நான் வராம இருக்கலை" என்றார் அவர். "அந்த ஜாங்கிரில பாதிய நானே எலையில வெச்சிருப்பேன் புள்ள. அப்படி நெனச்சுத்தான் ஒடிச்சேன். நீ எடுத்துட்டே. அப்புறம் நான் வெச்சேங்கறதே இல்லாமப் போச்சு. ரெண்டு வருசமா நான் விட்டதெல்லாம் நீ புடுங்கி வெச்சதாத்தான் ஆயிருச்சு."

"எங்கப்பா காலு..." என்று தொடங்கினாள் ஹெலன்.

"தெரியும். அந்தக் கால் எனக்கும் தெரியும். அதுக்குத்தானே நடக்கறேன்."

அவள் அழுதாள். அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தப்புதானுங்க" என்றாள் அவள், அவ்வளவுதான். மெஷினில் இப்போது எழுபத்தெட்டு என்று வந்தது. கட்டியிருந்த இட்லியில் ஒன்றைப் பிட்டு அவர் கையில் கொடுத்தாள். ஆறிப்போய், விறைத்துக் கிடந்தது. மறுக்காமல் சாப்பிட்டார்.

அற்புதராஜ் பிரின்சியைக் கூப்பிடச் சொன்னார். அவள் கதவோரத்தில் வந்து நின்றாள். கவுனின் மார்பில் ஈரம் திட்டாகத் தெரிந்தது.

"மாமனுக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சு சாமி. உம்மேல கோவமில்ல. எனக்கே நான் என்ன பேசறேன்னு தெரியலை."

"இப்பச் சரியாயிருச்சா?"

"ஆயிருச்சு. அந்தக் கேக்கு இன்னும் இருக்குதா?"

பிரின்சி அத்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஹெலனைச் சுட்டது. குழந்தைகூட என்னிடம்தான் அனுமதி கேட்கிறது என்று நினைத்தாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பேசாமல் இருந்தாள். அது சுலபமாக இல்லை.

"சோறு சாப்பிட்டுட்டு, கடைசியா ஒரு சின்னத் துண்டு" என்றார் அற்புதராஜ். "நீதான் ஊட்டோணும்."

கடைசிப் பந்தியில் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் முதலில் முட்டையையும் கோழி வறுவலையும் தயிர்ப்பச்சடியையும் எடுத்துக்கொண்டார். பிரியாணி ஒரு கரண்டி போதும் என்று கையால் மறித்தார். பிரெட் அல்வா வந்தபோது, "கேக்கு இருக்குது, இது வேண்டாம்" என்று அவரே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, ஹெலனின் இலையிலிருந்த அல்வாவில் ஒரு விரல் அளவு கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ஹெலன் வேளாங்கண்ணியிடம், பிரின்சியின் கவுனை எங்கே தைக்கக் கொடுத்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டர் இருவரையும் திட்டினார். விசேஷ நாளென்றால் காலைச் சாப்பாட்டைக் குறைக்கலாமே தவிர விடக்கூடாது, சாப்பாடு தள்ளிப்போனால் மாத்திரையும் தள்ளிப்போகட்டும் என்றார். மாத்திரையின் அளவையும் மாற்றினார். அதன்பிறகு அற்புதராஜ் விசேஷங்களுக்கு வரத் தொடங்கினார். எல்லாம் ஒழுங்காகப் போனது என்று சொல்ல முடியாது. ஆவணியில் ஒரு கல்யாணத்தில் மூன்று பாதுஷா சாப்பிட்டார். ஹெலன் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வீட்டில் பேசினாள். பெரிய சண்டையே நடந்தது. அன்று சாயங்காலம் அவர் வழக்கத்தைவிடக் கூடுதலாக நடந்துவிட்டு வந்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏழு புள்ளி மூன்று என்று வந்தது. இன்னும் குறையலாம் என்றார் டாக்டர்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, கெங்கவல்லியிலிருந்து சென்றாயன் என்ற பெரியவரை அவர் மகள் பரிசோதனைக்கு அழைத்து வந்திருந்தாள். காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி அவரைக் கடிந்துகொண்டிருந்தாள்.

"நல்லா கேளுங்க மேடம். நேத்துப் பேரன் காதுகுத்துல ரெண்டு லட்டு தின்னிருக்காரு. ஒளிச்சு வெச்சுத் தின்னிருக்காரு. எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு."

பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை இருந்ததையும் ஹெலன் பார்த்தாள். இருவரிடமும் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்தாள்.

"லட்டு நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

சென்றாயன் நிமிர்ந்தார். வேடிக்கைக்குக் கேட்கிறாளா என்று அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. முந்திரி கொஞ்சம் கம்மி" என்றார்.

மகள் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். ஹெலன் ஊசியைச் செருகினாள்.