எந்தக் குவியல் அதிகம்

பதினோரு மணிக்குக் கல்வி அலுவலர் ஆனந்தராஜ் சார் வருவதாகப் போன் வந்ததிலிருந்து எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் அதிகம், குறைவு தெரியாத பிள்ளைகளின் பட்டியலை அவர் கையில் கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் திங்கட்கிழமையிலிருந்து வேறு பள்ளியில் தனி வகுப்பு. என் பட்டியலில் ஐந்து பேர். நாலு வீட்டுக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. ஐந்தாவது பெயர் கலைவாணி. அவள் அம்மா கவிதா பேனாவைத் தொடாமல் வகுப்பு வாசலிலேயே நின்றாள்.

“வூட்ல கரெக்டாதான் சொல்லுது டீச்சர். தனி வகுப்புக்குப் போனா மக்குன்னு பேர் வெச்சிடுவாங்க. அந்தப் பேரு அப்பறம் போவாது.”

“சட்டியில இருந்தாதான் கவிதா அகப்பையில வரும். வாரம் பூரா கேட்டுட்டேன். தெனமும் தப்பாவே சொல்றா.”

சொன்னது அதிகம்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் வீட்டுக்காரர் சொல்வதெல்லாம் என்னை வைத்துத்தான்.

“எம் முன்னாடி ஒரு வாட்டி கேளுங்க. அப்பவும் தப்பா சொன்னா போட்டுர்றன்” என்றாள் கவிதா.

மணி பத்தே முக்கால். பையிலிருந்து மல்லாட்டையை எடுத்தேன்; எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். புளியங்கொட்டை வைத்துப் பாடம் நடத்தினால் மூக்கில் போட்டுக்கொள்கிறார்கள் என்று, செஞ்சிக் கடைத்தெருவில் சல்லிசாகக் கிடைத்த மல்லாட்டையை ஓட்டோடு நானே வாங்கி வைத்திருந்தேன். தரையில் ஒரு பக்கம் ஒன்பது, இன்னொரு பக்கம் ஐந்து வைத்தேன்.

“எது அதிகம், சொல்லு.”

கலைவாணி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகில் ஆட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள். தினமும் செய்கிற விளையாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். கவிதா பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சீக்கிரம் சொல்லுடி.”

கலைவாணி ஐந்தைத் தொட்டாள்.

“பாத்தீங்களா?” என்றேன். ஜெயித்த மாதிரி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கவிதா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையோடு பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “எம் மானத்த வாங்கவே பொறந்தியா நீ?”

கலைவாணி அழுதுகொண்டே ஒன்பதிலிருந்து ஒன்றை எடுத்து நசுக்கினாள். உள்ளே ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை.

“இதெல்லாம் பொக்கும்மா. ஆட்டுனா சத்தமே வல்ல. இதுலதான் நெறைய இருக்குது.”

கவிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விதை மல்லாட்டை பொறுக்கும் வேலைக்குப் போகிறவள் அவள். சனிக்கிழமைகளில் பிள்ளையையும் கூட்டிப்போவாள். ஆட்டிப் பார், சத்தம் வராததைத் தூக்கிப் போடு என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். இருவரும் ஒவ்வொன்றாக உடைத்தார்கள். ஒன்பதில் ஆறு வெறும் ஓடு; மீதி மூன்றில் ஐந்து பருப்பு. ஐந்து மல்லாட்டையில் பதின்மூன்று.

வாரம் பூரா கேட்டேன் என்றேனே, எது அதிகம் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

கவிதா பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நீங்க சொன்னீங்கன்னுதான் டீச்சர் அடிச்சன். இந்த வாரம் பூரா தெனமும் அடிச்சன்.”

கையிலிருந்த தாளைப் பார்த்தேன். இன்னும் நாலு பெயர், பக்கத்தில் நாலு கையெழுத்து. அந்த வீடுகளிலும் நான் சொன்னதாகச் சொல்லித்தான் அடித்திருப்பார்கள்.

வெளியே பைக் நின்றது. ஆனந்தராஜ் சார் செருப்பைக்கூடக் கழற்றாமல் கையை நீட்டினார். “லிஸ்ட் குடுங்க டீச்சர். அவலூர்பேட்டைக்கு வேற போவணும்.”

தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டேன்.

“இன்னைக்கு இல்ல சார். மொதல்ல நாலு வீட்டுக்குப் போயிட்டு வரணும்.”