ஒழுகாத மூடி

என் தம்பி டிபன் பாக்ஸைத் தன் உச்சந்தலைக்கு மேலே தலைகீழாகக் கவிழ்க்கும்போது எதிரில் இருப்பவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிடுவார்கள். உள்ளே வாய்வரை தண்ணீர் இருக்கும். அவன் ஆட்டுவான், குலுக்குவான், அடியில் தட்டுவான். ஒரு சொட்டுகூட விழாது. "ஒழுகுதா?" என்று கேட்டுவிட்டு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி சிரிப்பான். வந்தவர்கள் கைதட்டுவார்கள். அந்த டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. ஒழுகவில்லை என்ற மலைப்பில், டிபன் பாக்ஸ் என்றால் திறக்கவும் வேண்டும் என்பது யாருக்கும் உறைக்காது போலிருக்கிறது.

இந்த மூடிக்காகத்தான் அவன் வேலையை விட்டான். ஊரில் பாதிப் பேர் கையில் இருப்பது அவனுடைய பழைய முதலாளியின் டிபன் பாக்ஸ்தான். அது ஒழுகும். பை நனையும், காகிதம் நனையும், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மடியும் நனையும். தம்பி வருஷக்கணக்கில் சொல்லிப் பார்த்தான். "ஒழுகினா துடைச்சுக்கட்டும்" என்றார் முதலாளி. கோபத்தில் கிளம்பி வந்துவிட்டான். "பசிச்சா திரும்பி வா, உன் நாற்காலி இங்கயேதான் இருக்கும்" என்று அவர் சிரித்துக்கொண்டே வழியனுப்பியது அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

தம்பி ஆரம்பித்த கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கார் நிறுத்தும் கொட்டகையாக இருந்த ஒரு நீளக் கூடம். டப்பா வார்க்கும் ஒரு அச்சு இயந்திரம், சில மேசைகள், மூலையில் அட்டைப் பெட்டி மலை. மூடியை வடிவமைத்தவரை எல்லோரும் மூடிக்காரர் என்போம். விற்பனைக்கு ஒருவன்; கல்லையும் வாழைப்பழம் என்று விற்றுவிடுவான், ஆனால் அவனுக்கே நம்பிக்கை இல்லாத பொருளை விற்கும்போது காது சிவக்கும். பேக்கிங்குக்கு ஓர் அம்மா. மிச்ச வேலையெல்லாம் நான். கணக்கு, கொள்முதல், தொலைபேசி, மின்சார அலுவலகத்தோடு சண்டை. அக்கா என்ற உறவுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் வேலைக்கும் வரையறை கிடையாது.

தம்பிக்குத் தொழில் தெரியும். தலைமை தாங்கத்தான் தெரியாது. அதைக் கற்றுக்கொள்வதற்காகக் குளிக்கும்போதுகூட யாராவது ஒருவருடைய சொற்பொழிவைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் தலையில் ஈரம் காயாமல் ஒரு புதுக் கொள்கையோடு வந்து நிற்பான். ஒரு வாரம் எல்லோருமே தலைவர்கள். அந்த வாரம் டீ கிளாஸைக் கழுவ ஆளில்லை. இன்னொரு வாரம், தலைவன் பேசக் கூடாது, காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். அவனுக்கு ஏதோ கோபம் என்று நினைத்து நாங்களும் வாயைத் திறக்கவில்லை. வாரம் முழுக்க அவனுக்குக் கேட்டது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

இதெல்லாம் வந்த வேகத்தில் போய்விட்டது. ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டது.

"இனிமே யாரும் என்கிட்ட பிரச்சினையைத் தூக்கிட்டு வரக் கூடாது. தீர்வோட வாங்க. பிரச்சினையை யார் வேணா சொல்லுவான், தீர்வு சொல்றவன்தான் இங்க வேணும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னான். "நம்ம டிபன் பாக்ஸ்ல நாமளே சாப்பிடலேன்னா வேற எவன் சாப்பிடுவான்? நாளையிலேர்ந்து எல்லாரும் இதுலதான் எடுத்துட்டு வரணும்."

இரண்டு கட்டளையும் தனித்தனியாக வந்திருந்தால் பிழைத்திருப்போம். சேர்ந்து வந்ததுதான் வினை.

மறுநாள் மதியம் டிபன் பாக்ஸ் திறக்கவில்லை. மூடிக்காரர் முழங்கால் இடுக்கில் வைத்துத் திருகினார். விற்பனைக்காரன் கதவிடுக்கில் சொருகி இழுத்ததில் கதவின் கீல்தான் கழன்றது. பேக்கிங் அம்மா ஸ்க்ரூடிரைவர் தேடினார். நான் என் பல்லை நம்பிப் பார்த்தேன். கடைசியில் ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டைத் தின்று தண்ணீர் குடித்தோம். எல்லோர் மனதிலும் ஒரே கேள்வி, போய்ச் சொல்லலாமா என்று. சொன்னால் தீர்வு கேட்பான். தீர்வு இருந்தால் நாங்கள் ஏன் பிஸ்கட் தின்கிறோம்?

வாரம் முடிவதற்குள் ஆளாளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் வாங்கிவிட்டோம். பழைய முதலாளியுடையதுதான், வேறு எது கடையில் கிடைக்கிறது? அது ஒழுகும் என்பதால் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மேசைக்கு அடியில் வைப்போம். மேசை மேலே எங்கள் கம்பெனி டிபன் பாக்ஸ் மரியாதைக்கு வரிசையாக உட்கார்ந்திருக்கும். மதியம் ஆனதும் தம்பி, "கொஞ்சம் தனியா யோசிச்சிட்டு வரேன்" என்று வெளியே கிளம்புவான். அவன் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் நாங்கள் குனிவோம். தலைவன் தனியாக யோசிப்பதில் ஊழியர்களுக்கு இவ்வளவு நன்மை உண்டு என்று எந்தச் சொற்பொழிவிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெளியே மாதிரிக்குக் கொடுத்ததில் ஒன்று திரும்பி வந்தது, உள்ளே சாப்பாட்டோடு. விற்பனைக்காரன் காது சிவக்க, "உணவு மிகப் பாதுகாப்பாக இருந்ததாக வாடிக்கையாளர் தெரிவித்தார்" என்று தம்பிக்கு அறிக்கை அனுப்பினான். ஒரு வார்த்தை பொய்யில்லை.

நான் சொல்லாமல் விடவில்லை. "தம்பி, அந்த மூடி விஷயமா..." என்று ஆரம்பித்தேன்.

"தீர்வு இருக்காக்கா?"

"நான் சொல்றதைக் கேக்கறதுதான்டா தீர்வு."

"அது தீர்வு இல்லக்கா, அது புலம்பல்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

இன்னொரு நாள் வீட்டு அடுக்களையில் அவனை மடக்கினேன். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். மின்சார அலுவலக அதிகாரியையே மன்னிப்புக் கேட்க வைத்த வாய் எனக்கு. அந்த முகத்தைப் பார்த்ததும் அது ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் அந்த அழைப்பு வந்திருந்தது. நாடு முழுக்கக் கடைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், தன் கடைகளில் விற்க ஒரே ஒரு டிபன் பாக்ஸைத் தேர்ந்தெடுக்கப் போகிறதாம். பழைய முதலாளியுடையதா, எங்களுடையதா என்பதுதான் கேள்வி. எங்களை எடுத்தால் பிழைத்தோம். அவரை எடுத்தால் கூடத்தைப் பூட்டிவிட்டு, தம்பி போய் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். வேறு வழியில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கொள்முதலுக்குப் பொறுப்பான அம்மாள் நேரிலேயே வந்தார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, தட்டையான செருப்பு, அநாவசியமாக ஒரு வார்த்தை கிடையாது. தம்பி வழக்கம்போல் தலைக்கு மேல் கவிழ்த்தான். அந்த அம்மாள் பின்னால் நகரவில்லை. டிபன் பாக்ஸைக் கையில் வாங்கித் தன் தலைக்கு மேலேயே கவிழ்த்துப் பார்த்தார். சொட்டவில்லை. முதல்முறையாகச் சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. பசிக்குது, உங்களோடயே சாப்பிட்டுடறேனே. நீங்க அனுப்பின டப்பாவுலதான் காலையில சுடச்சுடப் போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன்."

தம்பியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்த அம்மாள் மூடியைத் திருகினார். கையை மாற்றித் திருகினார். முந்தானையால் பிடித்துத் திருகினார்.

"இதை நீங்கள்லாம் எப்படித் திறக்கறீங்க?"

யாரும் நிமிரவில்லை. விற்பனைக்காரனின் காது பழுத்துவிட்டது. "உள்ள சாப்பாடு ரொம்ப பாதுகாப்பா இருக்கும் மேடம்" என்றான்.

"எனக்கு அது பாதுகாப்பா இருந்து என்ன பிரயோஜனம்? என் வயித்துக்குள்ள வரணும்."

தம்பி வாங்கித் திருகினான். கழுத்து நரம்பு புடைத்தது. மூடி அசையவில்லை. மூடிக்காரரிடம் நீட்டினான். "நீங்க திறங்க."

"திறக்காது சார்."

"திறக்காதுன்னா?"

"மத்தியானத்துல எப்பவுமே திறக்காது சார்."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"தீர்வு கிடைக்கலை சார்" என்றார் மூடிக்காரர், பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி.

இதற்கிடையில் கொள்முதல் அம்மாள் கைதவறி விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தவர், எழுந்திருக்க நேரமாக்கினார். நிமிரும்போது அவர் கையில் பிளாஸ்டிக் பை சுற்றிய ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. மேசை மேல் வைத்தார். பழைய முதலாளியின் முத்திரை எல்லோர் கண்ணிலும் பட்டது. "கீழ இன்னும் மூணு இருக்கு" என்றார்.

தம்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "அந்த ஆளோட டப்பாவுலயா? என் கம்பெனியில உக்காந்துகிட்டு?" பேக்கிங் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேதான் எனக்குப் பொறுமை போயிற்று. "போதும்டா நடிப்பு. தினமும் வெளிய போய்த் தனியா என்ன யோசிக்கிற? உன் கார் சீட்டுல எண்ணெய்க் கறை எப்படி வந்துச்சு? நான்தானே துணியை வெச்சுத் தேய்க்கிறேன்? போ, போய் எடுத்துட்டு வா."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். திரும்பி வரும்போது கையில் அதே முத்திரை, அதே பிளாஸ்டிக் பை. எங்களுடையதில் ஒரு ரப்பர் பேண்ட் என்றால் அவனுடையதில் இரண்டு. எவ்வளவு ஒழுகும் என்று எங்களைவிட அவனுக்குத்தானே தெரியும்?

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பேக்கிங் அம்மாவாகத்தான் இருக்கும். அழுதுகொண்டே சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம், தம்பியைத் தவிர.

"சண்டையையும் சிரிப்பையும் அப்புறம் வெச்சுக்கலாம்" என்றார் கொள்முதல் அம்மாள். "எனக்குப் பசி கண்ணை அடைக்குது. இது யாருக்காவது, எப்பவாவது, தானாத் திறந்திருக்கா?"

"வீட்டுல மூடின உடனே ஒரு தடவை திறந்தேங்க, உப்புப் போட மறந்துட்டேன்னு" என்றார் பேக்கிங் அம்மா. "அப்ப லேசாத் திறந்துச்சு."

"ரொட்டி வெச்ச அன்னைக்குத் திறந்துச்சு" என்றான் விற்பனைக்காரன்.

"பழம் நறுக்கி வெச்ச அன்னைக்கு எனக்கும் திறந்துச்சு" என்றேன். இதையெல்லாம் நாங்கள் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தம்பி தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். "ஒரு நாள் வெயில்ல கார்ல மறந்து வெச்சுட்டேன். சாயங்காலம் தொட்டதும் திறந்துச்சு. சாப்பாடு கெட்டுப் போயிருந்துச்சு, அதனால வெளிய சொல்லலை."

மூடிக்காரர் துள்ளி எழுந்தார். "சூடு சார்! சுடச்சுடப் போட்டு மூடறோம். உள்ள இருக்கிற ஆவி ஆறினதும் சுருங்கி மூடியை உள்ளபக்கமா இழுத்துப் பிடிச்சுக்குது. நாம குழாய்த் தண்ணியை ஊத்தித்தானே சோதிச்சோம்? எவன் சார் குழாய்த் தண்ணியை மத்தியானச் சாப்பாடா எடுத்துட்டுப் போறான்?"

டீ போடும் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து டிபன் பாக்ஸை அதில் உட்கார வைத்தோம். நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்ற நிற்பைப் பார்த்தால் பிரசவ அறை வாசல் தோற்றுப்போகும். சற்று நேரத்தில் தம்பி எடுத்துத் திருகினான். சிறியதாக ஒரு சத்தம். திறந்தது. கொள்முதல் அம்மாள் ஒரு பேச்சும் பேசாமல் சாப்பிட்டு முடித்தார். அதற்குள் மூடிக்காரர் ஓர் அட்டைப் பெட்டி மேலேயே வரைந்து முடித்துவிட்டார். மூடி நடுவில் சின்னத் துளை, அதற்கு ரப்பரில் ஓர் அடைப்பான். சாப்பிடும் நேரத்தில் அடைப்பானைத் தூக்கினால் காற்று உள்ளே போகும், மூடி விட்டுக்கொடுக்கும்.

கொள்முதல் அம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்து அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இன்னைக்கு நான் உங்ககிட்ட வாங்கப் போறதில்லை. திறக்காத டப்பாவை எப்படி விக்கிறது? செஞ்சு எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க பழைய முதலாளிகிட்டயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்." வாசலில் நின்று தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "அவர் கம்பெனியில ஒழுகுதுன்னு சொல்ல நீங்க இருந்தீங்க, அவர் கேக்கலை. உங்க கம்பெனியில சொல்லவே ஒருத்தரும் இல்லை. எது மோசம்னு யோசிச்சுப் பாருங்க."

அவர் போனபின்னும் தம்பி வாசலிலேயே நின்றான். நான் பக்கத்தில் போனேன்.

"அக்கா, நான் அந்த ஆளைவிடப் பயமுறுத்தறேனா?"

"உன்னைப் பார்த்து இங்க ஒருத்தருக்கும் பயம் கிடையாது."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

நான் மழுப்பியிருக்கலாம். இனி மழுப்பி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றியது. "பாவமா இருந்துச்சுடா. பயமா இருந்திருந்தா யாராவது ஒரு நாள் ரோஷம் வந்து கத்தியிருப்பாங்க. உன் முகத்தைப் பார்த்தா அதுக்கும் மனசு வரலை."

கோபம் என்றால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க அவனுக்கு நேரம் பிடித்தது. சின்ன வயதில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழாமல் நிற்பானே, அப்படி நின்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூடத்துக்குள் வந்தான். எல்லோரையும் பார்த்தான்.

"சரி. வேற என்னென்ன விஷயத்துல என்னைப் பாவம்னு நினைச்சு சொல்லாம விட்டிருக்கீங்க? தீர்வெல்லாம் வேணாம், சும்மா சொல்லுங்க."

பேக்கிங் அம்மா எழுந்து போய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து அவனுக்குப் பின்னால் போட்டார்.

"உக்காருங்க சார்," என்றார். "கொஞ்சம் நேரமாகும்."